மர்மக் கதை எழுதப் போகிறீர்களா?

உத்தமபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "துப்பறியும் கதை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. சொல்லிக் கொடுக்க இங்கே ஆள் இல்லை. 'வீட்டிலிருந்தே கற்கலாம்' என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. பணம் கட்டலாமா?"

கொஞ்சம் பொறுங்கள், அம்மா! முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அகதா கிறிஸ்டி அம்மையார் 1976ல் காலமானார். ஆனால் 2025ல் பி.பி.சி. மேஸ்ட்ரோ என்ற இணைய வகுப்பில் பாடம் நடத்த வந்துவிட்டார்! பேயுமல்ல, பிசாசுமல்ல. அவர் எழுதியதையும் சொன்னதையும் ஆராய்ச்சியாளர்கள் தொகுத்தார்கள். ஒரு நடிகை நடித்தார். செயற்கை நுண்ணறிவு அம்மையாரின் முகத்தைப் பொருத்தியது. குடும்பத்தாரின் சம்மதத்துடன் நடந்த காரியந்தான். கட்டணம் உண்டு, பாடம் ஆங்கிலத்தில்.

சரி, அந்த அம்மையாருக்கு யார் பாடம் நடத்தினார்கள்? முதல் உலக யுத்தத்தின்போது மருந்து கலக்கும் இடத்தில் வேலை பார்த்தார். எந்த விஷம் என்ன செய்யும் என்பதை அங்கே கற்றார். 1920ல் வெளிவந்த முதல் நாவலிலேயே அந்த அறிவு கை கொடுத்தது.

நம் வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கோ பள்ளிப் படிப்பே கிடையாது. முதல் படைப்பை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பிறகு 1925ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதிக் குவித்தார்! பட்டம்மாள் செய்த வேலையை இன்று உங்கள் கைபேசியே செய்யும். தமிழில் பேசினால் எழுத்தாக்கித் தருகிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே ஓர் அத்தியாயம் சொல்லிவிடலாம்.

காசில்லாமல் கற்க வழியும் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். ஒரு துப்பறியும் நாவலை இரண்டு தடவை படியுங்கள். முதல் தடவை சுவைக்காக. இரண்டாம் தடவை கையில் பென்சிலுடன்: ஆசிரியர் எந்தப் பக்கத்தில் துப்பை வைத்தார், எப்படி நம் கண்ணில் மண்ணைத் தூவினார் என்று குறித்துக் கொண்டே வாருங்கள். இதைவிடச் சிறந்த வகுப்பு இல்லை. மத்திய அரசாங்கம் 2017ல் தொடங்கிய 'சுவயம்' தளத்தில் தடய அறிவியல் பாடங்கள்கூட வந்திருக்கின்றன. கேட்கக் கட்டணமில்லை; சான்றிதழ்ப் பரீட்சைக்குத்தான் கட்டணம்.

சட்டமும் தெரிய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதற்குப் பின் நடக்கும் கொலைக்கு உங்கள் இன்ஸ்பெக்டர் '302' என்று உறுமினால், வாசகர் சிரிப்பார். இப்போது அது 103!

ஊர் விவரமும் அப்படித்தான். மதுரை – போடி ரயில் 2010 கடைசியில் நின்றது. 2022ல் தேனி வரைக்கும், 2023ல் போடி வரைக்கும் திரும்ப வந்தது. ஆகவே 2015ல் நடக்கும் கதையில் கொலைகாரன் போடியில் ரயிலேறித் தப்ப முடியாது; பஸ்தான் பிடிக்க வேண்டும். இந்த நுட்பத்தை லண்டன் ஆசிரியை சொல்லித் தருவாரா? விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் ஜீப்புகள், கம்பம் மெட்டு மலைப்பாதையின் வளைவுகள், குமுளி சோதனைச் சாவடி, பன்னீர் திராட்சைப் பந்தலின் நிழல்... மர்மத்துக்கு இத்தனை இடங்களை வைத்துக்கொண்டு கதையை இங்கிலாந்து மாளிகையில் ஏன் நடத்த வேண்டும்?

அப்படியும் வகுப்பில் சேர ஆசையானால் மூன்று காரியம் செய்யுங்கள். ஆசிரியர் எழுதிய கதை ஒன்றை முதலில் படியுங்கள். மாதிரிப் பாடத்தைப் பாருங்கள். உங்கள் கதையைப் படித்துத் திருத்துவது யார் என்று கேளுங்கள். "பணம் கட்டினால் கதை நிச்சயம் பிரசுரமாகும்" என்று யாராவது சொன்னால், சகோதரி, அங்கேயே உங்கள் முதல் துப்பு கிடைத்துவிட்டது. குற்றவாளி எதிரிலேயே நிற்கிறார்!

கட்டணத்துக்கு வைத்த பணத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்குங்கள். மிச்சம் உங்கள் முடிச்சிலேயே பத்திரமாக இருக்கட்டும்.