தாஜ்மஹாலுக்கு ஃபேஸ்பேக்

ஆக்ராவுக்கு நான் போனபோது தாஜ்மஹாலின் மினார் ஒன்றைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள். மேலே முல்தானி மிட்டி பூசுகிறார்கள் என்றார் வழிகாட்டி. நம்ம ஊர் பியூட்டி பார்லர்ல முகத்துக்கு அப்புறாங்களே, அதே மண்தான். குழைத்துப் பளிங்கின்மேல் அப்பி, பாலித்தீன் தாள் போர்த்தி, காய்ந்தபின் கழுவினால் அழுக்கு மண்ணோடு வந்துவிடும். 1994இலிருந்து தொல்லியல் துறை இதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துவருகிறது. என்னோடு வந்தவர்களுக்கு இருந்த ஒரே வருத்தம், செல்ஃபியில சாரம் விழுதேங்கிறதுதான்.

அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது? பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த பதில் மதுரா சுத்திகரிப்பு ஆலை, அமில மழை. தப்பில்லை. பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். கந்தகப் புகையும் ஈரமும் பட்டால் அதன் மேல்தோல் ஜிப்சமாகிவிடும். அது கரித்துகளைப் பிடித்துவைத்துக்கொண்டு கறுத்து, ஒருநாள் கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழும். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் மழை கழுவாத மூலைகள் கறுத்திருப்பது இப்படித்தான். எம்.சி. மேத்தா 1984இல் வழக்குப் போட்டார். 1996இல் உச்ச நீதிமன்றம் 292 ஆலைகளிடம், ஒன்று நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாறு, இல்லையென்றால் இடத்தைக் காலி செய் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் கல் மஞ்சளித்துக்கொண்டேதான் இருந்தது.

2011-12இல் இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் தாஜ் வளாகத்துக் காற்றை வடிகட்டிப் பார்த்தார்கள். சின்னப் பளிங்குத் துண்டுகளை அங்கேயே வைத்து, என்ன படிகிறது என்றும் பார்த்தார்கள். தூசி, கறுப்புக் கரி, அப்புறம் பழுப்புக் கரிமம். இந்தப் பழுப்புக் கரிமம் நீல ஒளியை விழுங்கிவிடும். வெள்ளைக் கல் மஞ்சளாகத் தெரியும். டீசல் புகை, விறகு, வரட்டி, குப்பை என்று எதை எரித்தாலும் இந்தக் கரிவகைகள் கிளம்பும்.

நிர்வாகம் இதில் எதைப் பிடித்துக்கொண்டது தெரியுமா? வரட்டியை. 2015 ஜனவரியில் ஆக்ராவில் வரட்டி எரிக்கத் தடை. கேஸ் சிலிண்டர் வாங்க முடியாத வீட்டின் அடுப்பைப் பார்த்து, நீதான் ஷாஜஹானின் எதிரி என்றார்கள். அடுத்த வருடமே ஒரு ஆய்வுக் கட்டுரை கணக்குப் போட்டது: குப்பை எரிப்பதால் தாஜ்மஹாலின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிகிராம் நுண்துகள் படிகிறது. வரட்டியால்? சுமார் 12. குப்பையை அள்ளுவது அரசின் வேலை, வரட்டி தட்டுவது ஏழைப் பெண்ணின் வேலை. தடை யார் மேல் பாயும் என்று சொல்லவா வேண்டும்!

அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குப்பைப் புகையால் ஆக்ராவில் ஆண்டுக்கு 700க்கும் மேற்பட்டவர்கள் அகால மரணமடைகிறார்கள் என்ற மதிப்பீடு. தாஜ்மஹால் மஞ்சளாகிறது என்று பதறும் யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. 2018இல் உச்ச நீதிமன்றம் கடுப்பாகி, தாஜ்மஹாலைச் சரிசெய்யுங்கள், இல்லை மூடுங்கள், இல்லை இடித்துவிடுங்கள் என்றது. கல்லுக்காக அவ்வளவு கோபம். கோபப்படட்டும், எனக்கும் அந்தக் கல்லைப் பிடிக்கும், காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்று பார்த்தவன்தான். ஆனா அதே துகளை உள்ளே இழுக்கிற நெஞ்சுக்கு முல்தானி மிட்டி பூச முடியாதே.

தாஜ்மஹாலைச் சுற்றி 500 மீட்டருக்குள் புகை வண்டிகளுக்கு அனுமதியில்லை. பேட்டரி வண்டியில்தான் அழைத்துப் போகிறார்கள். நான் சாயங்காலம் அதே பேட்டரி வண்டியில் தெற்கே தாஜ்கஞ்ச் பக்கம் திரும்பினேன். ஒரு சந்து முனையில் குப்பை மேடு புகைந்துகொண்டிருந்தது. பாலித்தீன் கருகும் வாடை. பக்கத்திலேயே நாலைந்து பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். எதிரே டீக்கடை. எரிக்கக் கூடாதில்லையா என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். வண்டி வந்து நாலு நாளாச்சு, நாத்தத்தை யார் தாங்குறது என்றார் கடைக்காரர். கண்ணாடி கிளாஸ் வைக்குமுன் பலகையைத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணி கறுப்பாக வந்தது. அதை என்னிடம் தூக்கிக் காட்டி, "மத்தியானம்தான் துடைச்சேன்" என்றார்.