முன்னூறு டாலர் தோக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அத்தான் போன் பண்ணினார். பாறசாலைக்குக் கிழக்கே வெள்ளறடைப் பக்கம்தான் அவருக்கு வீடும் விளையும். பிள்ளைகள் படிப்பு, குளிர் எப்படி என்ற விசாரிப்பெல்லாம் முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

"மாப்ள, பன்னி வந்து மரச்சீனி ஒரு மூடு விடாம தோண்டித் தின்னுட்டுப் போவுது. பஞ்சாயத்துல சொன்னா, சுடுததுக்கு ஆளு வரணும்ங்கான். லைசென்ஸ் தோக்கு வச்சிருக்கவனே இங்க ரெண்டு மூணு பேருதான். அங்க நீங்க காய்கறி வாங்குத கடையிலயே தோக்கும் விக்கானாமே. வரும்போ ஒண்ணு கொண்டு வர முடியாதா?"

தோக்கு என்றால் துப்பாக்கி. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும் பேசி வளர்ந்த எங்களுக்கு எல்லைக்கு இரண்டு பக்கமும் அதே வார்த்தைதான். சிரித்துவிட்டு, முடியாது அத்தான் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் டல்லாஸில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் ஏழு தோக்குகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஏழும் துருக்கியில் செய்தவை. அந்த இரண்டு விஷயமும் சேர்ந்து தூக்கத்தைக் கெடுத்ததால் இதை எழுதுகிறேன்.

சின்ன வயதில் எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வீட்டில் ரெட்டைக்குழல் தோக்கு இருந்தது. அதை அவர் சுட்டு நான் பார்த்ததே இல்லை. தேர்தல் வந்தால் மட்டும் தோக்கு வெளியே வரும். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க, பழைய வேட்டியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். பின்னாலேயே நாங்கள் ஒரு பத்துப் பேர் ஓடுவோம். மற்றபடி எங்கள் ஊர்களில் தோக்கு என்றால் அது சர்க்கார் கையில் இருப்பது. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் திருவிதாங்கூர் சர்க்கார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வீரராகவன் முதலானவர்கள் செத்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்டவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுட்டார்கள். பாட்டா இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார். அப்படி வளர்ந்தவனுக்கு, கோட் மாட்டுகிற அலமாரியில் ஏழு தோக்கைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

நண்பர் என்னைவிட மூத்தவர், மதுரைப் பக்கம். இரண்டு வருஷம் முன்பு கிரீன் கார்டு வந்தது. வந்த மாதமே முதல் தோக்கு. "தம்பி, இது என் போன் விலையில பாதிகூட இல்ல" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். முன்னூறு டாலருக்கு ஒரு ஷாட்கன், நானூறுக்கு ஒரு பிஸ்டல், ஐநூறுக்கு இத்தாலிய பெனெல்லி எம்4 போலவே அச்சாக ஒன்று (ஒரிஜினல் இரண்டாயிரம் டாலர்). வீட்டம்மா காபியை வைத்துவிட்டு, "பட்டுப்புடவைக்குக் கணக்குக் கேப்பாரு, இதுக்குக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் இவ்வளவு மலிவு என்று நானும் கொஞ்சம் தேடிப் படித்தேன். துருக்கியின் கோன்யா மாகாணத்தில் பெய்ஷெஹிர் பக்கம் ஹூலு, உசும்லு என்று இரண்டு சின்ன ஊர்கள். அங்கே தோக்குதான் குடிசைத் தொழில். நம்ம சிவகாசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு பட்டறை குழல் துளைக்கும், இன்னொன்று வால்நட் மரத்தில் கட்டை செதுக்கும். ஹூலு ஊர்க்காரர்கள் 1962ல் கூட்டுறவு சங்கமே ஆரம்பித்தார்கள். கருங்கடல் ஓரத்தில் டிராப்சான் ஊரில் டிசாஸ், கிரேசுனில் கிர்சான், சாம்சுனில் கனிக். இவர்கள் பிஸ்டல்காரர்கள். டிசாஸ் செய்வது ஜான் பிரவுனிங் வடிவமைத்து அமெரிக்க ராணுவம் 1911ல் எடுத்துக்கொண்ட அதே பிஸ்டல். பேட்டன்ட் எல்லாம் காலாவதியாகி யுகமாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். கூலி குறைவு, லிராவின் மதிப்பும் வருஷா வருஷம் சரிவு. டாலரில் விற்றால் அவர்களுக்கும் லாபம், வாங்குகிறவனுக்கும் மலிவு. பெரெட்டா குழுமத்தின் ஸ்டோகர் ஷாட்கன்களில் பலவுமே துருக்கியில் தயாராகின்றன. ஆக, மலிவு என்பதால் மட்டும் மட்டமான சரக்கு என்று சொல்லிவிட முடியாது. அதற்காக எல்லாம் உசத்தி என்றும் இல்லை. ஒரே தோக்கு நாலு பேரில் வருகிறது. இறக்குமதி செய்கிற கம்பெனி மாறினால் ஒரு ஸ்பிரிங் வாங்க அலைய வேண்டும்.

(2025 மே மாதம் துருக்கி ஆப்பிளை வாங்காதே, துருக்கிக்கு டூர் போகாதே என்று எங்கள் வாட்ஸப் குழுவில் தினம் பத்து மெசேஜ். அதில் பாதி இந்த நண்பர் அனுப்பியது. இதை அவரிடமே கேட்டேன். "அது பழம் தம்பி" என்றார்!)

சேகரிப்பு என்கிறார்களே, அதில்தான் எனக்கு முதல் கருத்து வேறுபாடு. தொண்ணூறுகளில் துருக்கி ராணுவத்தின் பழைய மவுசர் ரைபிள்கள் இங்கே நூறு டாலருக்கும் கீழே விற்றன. அங்காரா முத்திரை குத்திய 1938 மாடல். அதை வாங்கி வைத்தவர்கள் சேகரிப்பாளர்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு போரும் ஒரு ராணுவமும் இருந்தன. போன வருஷம் ஃபாக்டரியிலிருந்து வந்த ஷாட்கன்னுக்கு என்ன சரித்திரம் இருக்கிறது? தள்ளுபடி விலைதான் அதன் சரித்திரம். நம்ம ஆட்கள் காஸ்ட்கோவில் பன்னிரண்டு டப்பா பேட்டரி வாங்குகிற புத்திதான் இதுவும். ஏழு வாங்குகிற காசுக்கு நல்லதாக ஒன்றும் அதைப் பூட்டி வைக்க கனமான இரும்புப் பெட்டி ஒன்றும் வாங்கலாம். நண்பர் வீட்டில் பெட்டி இல்லை. "விலை அதிகம் தம்பி" என்றார். தோக்குக்கு முன்னூறு மலிவு, பெட்டிக்கு அறுநூறு அதிகம்!

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். பேச்சுவாக்கில் நண்பர் சொன்னார், "பையன் சனிக்கிழமை வந்தா ரெண்டு பேரும் ரேஞ்சுக்குப் போவோம். அவன்தான் என்னைவிட நல்லா சுடுறான்." எனக்குச் சட்டென்று உறைத்தது.

"அண்ணே, தம்பி இப்ப என்ன விசா?"

"எஃப்-1. உனக்குத் தெரியாதா, கார்டு வர்றதுக்குள்ள இருபத்தொண்ணு ஆயிடுச்சே."

தெரியும். நம்மில் எத்தனை வீட்டில் இந்தக் கதை! நாலு வயதில் இங்கே வந்த பிள்ளை, கியூ நகராததால் அப்பா அம்மாவின் விண்ணப்பத்திலிருந்து கழன்று மாணவர் விசாவில் நிற்கிறது. அமெரிக்கச் சட்டப்படி எஃப்-1, எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வாங்குவது மட்டும்தான் தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கையில் வைத்திருப்பதே தப்பு. தெரிந்தே அவர்கள் கையில் கொடுப்பதும் தப்பு, அது அப்பாவாக இருந்தாலும். 2022ல் வந்த சட்டத்துக்குப் பிறகு தண்டனை 15 வருஷம் வரை போகலாம்.

ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்பீர்கள். ஃப்ளோரிடாவில் ஹமீத் ரெஹைஃப் என்று ஒரு மாணவர், அமீரகத்திலிருந்து வந்தவர். படிப்பில் தேறாமல் கல்லூரி அனுப்பிவிட, விசா தகுதி போன பிறகும் தங்கிவிட்டார். ரேஞ்சுக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டார். பதினெட்டு மாதம் சிறைத் தண்டனை. சுப்ரீம் கோர்ட் வரை போய், தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019ல் தீர்ப்பு வந்தது. சட்டப் புத்தகத்துக்கு அது பெரிய வெற்றி. நம்ம பிள்ளைகளுக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. எத்தனாம் தேதி எந்த விசா முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைகள் அல்லவா?

ஒரு விலக்கு உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் தற்காலிக விசாக்காரர்களுக்கும் அனுமதி. டெக்சாஸில் அது 25 டாலர் சமாச்சாரம். ஆனால் அந்த லைசென்ஸ் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். (எங்கள் ஊர்க்காரனுக்கு அந்தத் தேதி மறக்காது.) மறுநாள் காலையில் அதே பிள்ளை, அதே தோக்கு, அது குற்றம். நண்பரின் மகனிடம் லைசென்ஸே இல்லை. துப்பாக்கி வழக்கில் தண்டனை ஆகிவிட்டால் கிரீன் கார்டுக்காரரையே நாடு கடத்த சட்டத்தில் இடம் இருக்கிறது. மாணவர் விசாவில் இருக்கிறவன் கதி என்ன? நான் வக்கீல் இல்லை. உங்கள் வீட்டில் கலப்பு விசா என்றால் தோக்கு வாங்கும் முன் குடிவரவு வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசு கொடுத்துக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் துருக்கி ஷாட்கன்னைவிட விலை கூடத்தான்.

தோக்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, பூட்டி. சாவி என்னிடம். மகளுக்கு எங்கே என்று தெரியும், எடுக்க முடியாது. அவள் தோழிகள் இரவு தங்க வரும்போது அவர்கள் அம்மாவிடம் நானே முன்கூட்டிச் சொல்லிவிடுவேன். ஒருத்தர் அனுப்பவில்லை. எனக்கு வருத்தம் இல்லை. டெக்சாஸில் 17 வயதுக்குக் கீழான பிள்ளை கையில் கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் பெரியவர் மேல் வழக்கு உண்டு. அதைவிட எனக்குப் பயம் வேறு. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னையே சுட்டுக்கொண்டவர்கள். மார்க்கு குறைந்தால் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற பிள்ளைகளை வளர்க்கிற சமூகம் நம்முடையது. பூட்டாத அலமாரி அங்கேதானே இருக்கிறது?

அத்தானுக்கு மறுபடி போன் பண்ணி விவரமாகச் சொன்னேன். நினைத்தவுடன் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. நிரந்தரமாகத் திரும்பி வருகிறவனுக்குக்கூட ஒரே ஒன்று, அதுவும் அங்கே ஒரு வருஷம் வைத்திருந்ததாக, இந்திய லைசென்ஸோடு, வரி கட்டி என்பதுதான் நெடுநாளாகச் சுங்கத்தில் சொல்லிவந்த விதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ்காரரே இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பன்னிக்கு 2022லிருந்து பஞ்சாயத்து பிரசிடென்ட் உத்தரவு போடலாம், சுடுவது லைசென்ஸ் உள்ளவராக இருக்க வேண்டும். கரண்டு கம்பி, பன்னிப்படக்கம் எல்லாம் வைத்துத் தொலைக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

நண்பர் நாலு தோக்கை வாங்கின கடையிலேயே திருப்பி விற்றார். பாதி விலைகூட வரவில்லையாம். அந்தக் காசில் இரும்புப் பெட்டி வந்துவிட்டது. பையனுக்கு அதன் நம்பர் தெரியாது. என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

அத்தான் விளையில் ஒரு ராத்திரி முழுக்க தோக்கோடு ஆள் உட்கார்ந்திருந்ததாம். அன்றைக்கென்று பன்னி வரவில்லை.