அன்னையும் அரைப்புள்ளியும்

இற்றைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், கம்பளை பஸ் நிலையத்துக்கு அண்மையிலிருந்த தொலைபேசிக் கடையொன்றில் நாம் கண்ட காட்சி இது. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்த அம்மையார் ஒருவர், கையில் ஒரு தாளுடன் நின்றார். கடல்கடந்து சென்றிருந்த மைந்தன் மின்னஞ்சலில் விடுத்த கடிதத்தின் அச்சுப்படி அது. முதற் சொல்லைப் பார்த்தோம்: ஆங்கில எழுத்தாகிய எம், அடுத்துக் கே, பின்னர் ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, ஈற்றில் எச். கடைப் பையன் கையை விரித்துவிட்டான்.

வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் தாளை வாங்கினார். இளமையில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டெழுதிப் பிழைத்தவராம். மேசை விளிம்பில் விரல்களைப் பரப்பி, இல்லாத பொறியொன்றைத் தட்டுவார் போல அசைத்தார். “அம்மா என்று தொடங்கியிருக்கிறான், தங்கச்சி” என்றார். அந்த அம்மையாரின் கண்கள் கலங்கின.

இஃது எவ்வாறு நிகழ்ந்தது? மைந்தன் எழுதியது ‘பாமினி’ என்னும் எழுத்துருவில். ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றிச் செய்யப்பட்டது அது. அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் தமிழ் மறைந்து ஆங்கிலமே தலைகாட்டும். பாமினியின் விசைவரிசையோ பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வரிசையைப் பெரும்பாலும் தழுவியது. அப்பொறியை முதன்முதல் ஆக்கியவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து 1907இல் மலாயா சென்ற ஆர். முத்தையா அவர்கள். ஆகவேதான் முதியவரின் விரல்கள் அக்கடிதத்தை வாசித்தன.

எழுத்துருக்கள் பெருகப் பெருக இடர்ப்பாடும் பெருகிற்று. தமிழ் எழுத்து 247. கணனி அந்நாளில் ஒரு குறிக்கென ஒதுக்கிய இடங்களோ 256. அவற்றிலும் பாதி ஆங்கிலத்துக்குரியவை. எஞ்சிய இடத்தில் எதனை எங்கே வைப்பதென்று ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி முடிவு செய்தனர்.

இவ்விடத்தில்தான் மலேசியாவில் தோன்றிய ஒரு சிறு நிறுவனத்தின் கதை நமக்கு வேண்டப்படுகிறது. கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களின் புதல்வர் முத்து நெடுமாறன், 1985இல் ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கணனி நம் நாட்டு வீடுகளில் அரும்பொருளாயிருந்த காலம் அது. தந்தையார் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் திரட்டிக் களஞ்சியமாக்கினார். மைந்தர் அக்கவிதைகளின் எழுத்துக்களைக் கணனியில் அமர்த்தினார். வேறு சிலரும் அக்காலத்தில் முயன்றார்கள் என்பதை மறத்தலாகாது. கனடாவில் சீனிவாசன் என்பார் ‘ஆதமி’யை ஆக்கினார்.

அமெரிக்காவிலோ ‘விசிகல்க்’ என்ற கணக்கேட்டு மென்பொருள் 1979இல் வெளிவந்து பெரும் பொருள் ஈட்டியது. அதனை ஆக்கியவரும் வெளியிட்டவரும் 1983இல் வழக்காடத் தொடங்கினர். பெருஞ் சந்தையில் தோன்றிய அது சில ஆண்டுகளில் மங்கிப்போயிற்று. தமிழுக்கு அத்தகைய சந்தை ஏது? எனினும் முரசு நிலைத்தது.

பின்னர் வந்த ‘முரசு அஞ்சல்’ மின்னஞ்சலை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டது. தட்டச்சுப் பயிற்சி இல்லாதவரும் ஒலிப்படி ஆங்கில எழுத்தை அழுத்தித் தமிழில் எழுதலாம். இம்முறையைக் குறை கூறும் புலவர்கள் உளர். ஆங்கிலம் வழியே தமிழா என்பது அவர்கள் வினா, நியாயமானதுதான். ஆயினும் தட்டச்சு அறியாத எத்தனையோ பிள்ளைகள் அன்னைக்கு எழுதியது இம்முறையால்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோம். இலவசப் பதிப்பொன்றும் வழங்கப்பட்டமையால் பணமில்லாதவரும் அதனைப் பெற்றனர்.

குறிகளைப் பொதுமைப்படுத்தும் முயற்சிக்குச் சிங்கப்பூரில் 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாடு வாயில் திறந்தது. 1999இல் சென்னையில் மறு மாநாடு கூடி விசைப்பலகைக்கு ஒரு தரம் கண்டது. இறுதியில் உலக எழுத்துக்கள் அனைத்துக்கும் பொதுவான யுனிகோடு வென்றது. 2005ஆம் ஆண்டுப் பொங்கலின்போது முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் வெளியாகிக் கைத்தொலைபேசிக்குத் தமிழைக் கொணர்ந்தது. 2013இல் ஆப்பிள் நிறுவனம் தன் தொலைபேசியிலேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது. அதில் அப்போது இருந்த இரு முறைகளுள் ஒன்றின் பெயர் ‘அஞ்சல்’.

இன்று தோட்டத்து லயத்திலிருந்தும் தமிழிற் செய்தி செல்கிறது, வருகிறது. ஆயின் நேயர்காள், நம் இல்லங்களில் பாமினியில் எழுதிச் சேமித்த கடிதங்களும் கலியாண அழைப்புகளும் கோவில் மலர்களும் பழைய தட்டுகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தட்டுகளோ நாளடைவிற் பழுதாவன. அடுத்த விடுமுறையிற் பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, இனிப்புக்கு முன் இவ்வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள்.