தறிக்கூலிக்கு சீட்டு இல்லை... பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்டால் "வருமானமே இல்லை" என்று கைவிரிக்கும் அப்பாக்கள்!

தெள்ளார்:-

புருஷன், பெண்டாட்டி சண்டை கோர்ட்டுக்கு போய்விட்டால் ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். தப்பு யார் மேல்? அவன் குடிகாரனா, அவள் வாயாடியா, மாமியார் கொடுமையா என்று டீக்கடை பெஞ்சிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிடுவார்கள். நாளைக்கு அந்த பிள்ளைக்கு பாலும் பேனாவும் வாங்கிக் கொடுக்கப்போவது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசியை அடுத்த தெள்ளார் சரித்திர புத்தகத்தில் இடம் பிடித்த ஊர். பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனுக்கு "தெள்ளாறு எறிந்த" என்ற பட்டம் வந்ததே இங்கே நடந்த போரில் ஜெயித்ததால்தான். இப்போது இந்த பக்கம் நடக்கும் போர் வேறு மாதிரி. ஆரணி பட்டுக்கு தறி போடும் குடும்பங்களில் தாலி கட்டிய உறவு முறிந்துபோனால், பிள்ளைச்செலவு யார் தலையில் விழுகிறது என்ற போர். பெரும்பாலும் அது விழுவது பிள்ளையின் அம்மாவை பெற்ற தாத்தா, பாட்டி தலையில்.

இதற்கு காரணம் சட்டம் இல்லாதது அல்ல. சட்டம் இருக்கிறது. மாத சம்பளக்காரனை மனதில் வைத்து எழுதிய அந்த சட்டம், தறிக்காரன் வீட்டு வாசலில் வந்து திக்கித்து நிற்கிறது.

வீடே சேர்ந்து நெய்கிற கூலி

பட்டுத்தறி என்பது ஒரு ஆள் செய்கிற வேலை கிடையாது. குழியில் காலை விட்டு உட்கார்ந்து நாடா தள்ளுவது ஆம்பளை என்றாலும், தார் சுற்றி கொடுப்பது, அறுந்த இழையை பார்த்து முடிவது, பாவு பிணைக்கும்போது கூட நிற்பது எல்லாம் வீட்டு பெண்கள்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகூட தாருக்கு கை கொடுக்கும். ஆனால் புடவையை கொண்டுபோய் கொடுக்கும்போது முதலாளியின் நோட்டில் ஏறுவது ஒரே ஒரு பெயர். அது புருஷன் பெயர்.

சண்டை வந்து பெண் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால் தறி அங்கேயே நின்றுவிடும். அவள் பல வருடம் சுற்றிய தாருக்கு கணக்கும் இல்லை, சாட்சியும் இல்லை. கையில் இருந்த தொழிலும் போய், பிள்ளையும் இடுப்பில் என்ற நிலையில்தான் அவள் வக்கீலை தேடி போகிறாள்.

அவளுக்கு சீட்டு உண்டு, அவனுக்கு இல்லை

இதில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. பிரிந்து வந்த இளவயது பெண்களுக்கு இந்த வட்டாரத்தில் சட்டென்று கிடைக்கும் வேலை, செய்யாறு சிப்காட்டில் உள்ள ஷூ கம்பெனி வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சம்பளம் பேங்கில் ஏறும். சம்பள சீட்டு உண்டு, பி.எப். உண்டு.

கோர்ட்டில் நிற்கும்போது அந்த சீட்டே அவளுக்கு எதிராக வந்து நிற்கிறது. "சம்பாதிக்கிறாளே, இவளுக்கு எதுக்கு ஜீவனாம்சம்?" என்று எதிர்தரப்பு கேட்கும். அவள் வருமானம் கடைசி ரூபாய் வரை காகிதத்தில் இருக்கிறது. புடவைக்கு இவ்வளவு என்று கையில் காசு வாங்கும் அவன் வருமானமோ எந்த காகிதத்திலும் இல்லை. "தறியே ஓடல சார், நான் எங்கேர்ந்து குடுக்கிறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய்தாவுக்கு போய்விடலாம்.

இந்த தந்திரம் நாடு முழுக்க நடப்பதை பார்த்துத்தான் 2020-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முறையை கொண்டு வந்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு பேரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண பத்திரமாக தாக்கல் செய்யவேண்டும். பொய் சொன்னால் நடவடிக்கை. பெண் வேலைக்கு போகிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பிள்ளைச்செலவு என்றால் சோறு, துணி, இருக்க இடம், வைத்தியம், படிப்பு அத்தனையும் சேர்த்துத்தான். படிப்பு செலவை சாதாரணமாக அப்பாதான் ஏற்கவேண்டும். அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் அவரவர் வருமானத்துக்கு ஏற்ப பகிர்ந்துகொள்ளலாம்.

சரி, பத்திரத்தில் "வருமானம் இல்லை" என்றே எழுதிவிட்டால்? அதற்கும் பதில் உண்டு. பிசினஸ் படுத்துவிட்டது என்று ஒரு கணவர் கூறிய வழக்கில் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, உடம்பில் தெம்பு இருக்கிற ஆம்பளை கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளையை காப்பாற்றவேண்டும் என்று கூறிவிட்டது. அந்த வழக்கில் மகனுக்கு மாதம் 6 ஆயிரமும், மனைவிக்கு 10 ஆயிரமும் கொடுக்க உத்தரவானது.

ஆக, தறிக்காரன் விஷயத்தில் பெண் தரப்பு தேட வேண்டியது சம்பள சீட்டை அல்ல. முதலாளியின் கூலி நோட்டை. கூட்டுறவு சங்க உறுப்பினர் என்றால் இன்னும் சுலபம், கூலி பேங்க் கணக்கில் ஏறியிருக்கும். எத்தனை தறி ஓடுகிறது, யாருக்கு நெய்கிறான் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்த விஷயம். கோர்ட்டுக்கு மட்டும்தான் தெரியாது. யாராவது போய் சொன்னால்தான் தெரியும்.

மாதம் 3 ஆயிரம் என்றால்...

ஒரு பேச்சுக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 3 ஆயிரம் ரூபாய் என்று உத்தரவு வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 ரூபாய். காலையில் அரை லிட்டர் பால் வாங்கினால் 20 ரூபாய்க்கு மேல் காலி. அரசு பள்ளிக்கூடத்தில் மத்தியான சாப்பாடும், தொடக்கப்பள்ளி என்றால் காலை சிற்றுண்டியும் கிடைப்பதால் நெசவாளி வீட்டில் மூச்சுவிட முடிகிறது. ஆனால் காய்ச்சல், சளி என்று ஒரு முறை தனியார் டாக்டரிடம் போனால் ஐந்தாறு நாள் பணம் அதிலேயே போய்விடும். தீபாவளி துணி, செருப்பு, டியூஷன் எல்லாம் தனி.

அதற்காக பழைய காலம் நன்றாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1973-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை சட்டம் 125-வது பிரிவில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே இருந்தது. விலைவாசி எங்கேயோ போய்விட்ட பிறகும் அது அசையவில்லை. 2001-ம் ஆண்டுதான் அந்த வரம்பை எடுத்தார்கள். வழக்கு முடியும் வரைக்குமான இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாளில் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இதே விஷயம் தொடர்கிறது.

60 நாள் என்பது ஏட்டில். நடப்பது வேறு. ஜெய்ப்பூரில் 2002-ல் போட்ட ஒரு ஜீவனாம்ச மனுவுக்கு 2011-ல்தான் உத்தரவு வந்தது. மகனுக்கு மாதம் 1,500 ரூபாய். அதுவும் உத்தரவு போட்ட நாளில் இருந்துதான் என்று கீழ் கோர்ட்டு கூற, மனு போட்ட நாளில் இருந்தே கொடுக்கவேண்டும் என்று ஐகோர்ட்டும், 2014-ல் சுப்ரீம் கோர்ட்டும் கூறின. அந்த தேதி வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கு போட்டால் தலை சுற்றும். 9 வருடம், மாதம் 1,500 என்றால் மகன் பங்கு மட்டும் 1 லட்சத்து 62 ஆயிரம் ரூபாய்! 2020 தீர்ப்புக்கு பிறகு எல்லா வழக்கிலும் மனு போட்ட தேதிதான் கணக்கு. "போய் சமாதானம் பேசிட்டு அப்புறம் கேஸ் போடலாம்" என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டால், அந்த ஒரு வருட காசு போச்சு.

உத்தரவு வந்தாச்சு, காசு வரல

உண்மையான தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. அரசு ஊழியர், கம்பெனி ஊழியர் என்றால் ஜீவனாம்ச டிகிரிக்காக சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்க சிவில் சட்டத்தில் வழி இருக்கிறது. கூலித்தொழிலாளியின் கூலியையும், கைத்தொழில் செய்பவனின் கருவிகளையும் ஜப்தி செய்ய அதே சட்டம் விடுவதில்லை. கடன்காரனிடம் இருந்து ஏழையை காப்பாற்ற வைத்த நல்ல விதிதான். ஆனால் அந்த ஏழையின் சொந்த பிள்ளையே வாசலில் நிற்கும்போதும் அது குறுக்கே நிற்கிறது.

மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் வழி கொஞ்சம் கடுமையானது. ஜீவனாம்ச பாக்கியை அபராதம் வசூலிப்பது போல வாரண்டு போட்டு வசூலிக்கலாம். அப்படியும் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில். "உள்ள போய்ட்டு வந்தா கணக்கு தீர்ந்திடும்" என்று நினைப்பவர்கள் நிறைய பேர். தீராது. ஜெயிலுக்கு போனாலும் பாக்கி அப்படியே நிற்கும் என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாக்கி கேட்டு வாரண்டு மனு போட, அந்த பணம் கொடுக்க வேண்டிய தேதியில் இருந்து ஒரு வருடம்தான் கெடு. "கொடுப்பார், கொடுப்பார்" என்று இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு பழைய பாக்கியை இந்த வழியில் வாங்குவது பெரும்பாடு.

ஆம்பளை தரப்பையும் சொல்லத்தான் வேண்டும். தறிக்காரன் ஜெயிலுக்கு போனால் தறி நிற்கும். தறி நின்றால் பிள்ளைக்கும் காசு இல்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் தொங்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் நாள் கணக்கில் வேலை கெடும். நிஜமாகவே முடியாதவனுக்கு, நிலைமை மாறிவிட்டது என்று காட்டி தொகையை குறைக்க கேட்கும் வழி சட்டத்தில் உண்டு. அதை செய்யாமல் கோர்ட்டு பக்கமே வராமல் இருப்பதால்தான் கடைசியில் போலீஸ்காரர் பிடிவாரண்டோடு வீட்டுக்கு வருகிறார். "பிள்ளைய கண்ணுல காட்டினாத்தான் காசு" என்பதும் செல்லாது. பிள்ளையை பார்க்க தனியாக மனு போடலாம். சோத்துக்கு அதை நிபந்தனையாக வைக்கமுடியாது.

எழுதிக் கொடுத்தாலும் பிள்ளை உரிமை போகாது

ஊர் பெரியவர்கள் முன்னிலையில் ஒரு தொகையை கொடுத்து, "இனிமே எதுவும் கேக்கமாட்டேன்" என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. அனைத்து மகளிர் போலீஸ் நிலையத்திலும் சமரசம் பேசி எழுதிக்கொள்கிறார்கள். ஜீவனாம்சம் போட போலீசுக்கு அதிகாரம் கிடையாது. அம்மா தன் பங்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க அவளுக்கே உரிமை இல்லை.

பெண்ணின் நடத்தை மேல் பழி போட்டு நடக்கும் வழக்குகளிலும் இதே கதைதான். அவள் சரியான காரணம் இல்லாமல் பிரிந்து போனாள் என்றே நிரூபித்தாலும் அடிபடுவது மனைவியின் ஜீவனாம்சம் மட்டும். பிள்ளைக்கு கொடுப்பது நிற்காது. பாதி வழக்குகளில் இதை புரிந்துகொண்டு பிள்ளை பெயரில் மனுவை தெளிவாக போட்டாலே சண்டை சுருங்கிவிடும்.

ஜெர்மனியில் ஒரு முறை இருக்கிறது. அப்பா பணம் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு மாதாமாதம் அரசே கொடுத்துவிட்டு, பிறகு அந்த அப்பாவிடம் அரசே வசூல் செய்யும். 2017-ல் அதை 18 வயது வரை நீட்டித்தார்கள். நம் ஊரில் துரத்தும் வேலை முழுக்க அந்த பெண்ணோடது. கம்பெனிக்கு லீவு போட்டு, ஒரு நாள் சம்பளத்தை விட்டு, வாய்தாவுக்கு போய் நிற்கவேண்டும்.

அரசு உதவியிலும் ஒரு இடைஞ்சல். 2023 செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமை தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண் என்ற விதியோடு வந்தது. பிரிந்து வந்த மகள் தாய் வீட்டு கார்டில் பெயரை சேர்த்தால் அங்கே அம்மா ஏற்கனவே வாங்கிக்கொண்டிருப்பாள். புருஷன் கார்டிலேயே பெயர் இருந்தால், பிள்ளைக்கான அரிசியும் அந்த கார்டில்தான்.

வழக்கு போட புருஷன் ஊருக்கு போகவேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. பெண் இப்போது எங்கே குடியிருக்கிறாளோ அந்த ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். தெள்ளாருக்கு வந்துவிட்ட பெண்ணுக்கு வந்தவாசி கோர்ட்டு போதும். வக்கீல் பீஸ் கொடுக்க வழியில்லாவிட்டால் சட்டப்பணிகள் குழுவில் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. 15100 என்ற நம்பருக்கு போன் செய்தும் கேட்கலாம். போகும்போது பிள்ளையின் பிறப்பு சான்றிதழ், பள்ளிக்கூட ரசீது, மருந்து பில், முடிந்தால் அந்த கூலி நோட்டின் ஒரு பக்கத்து போட்டோ.