பல துறை கற்ற ஒருவர்

பரீட்சை முடிவுகள் வெளிவரும் நாட்களிற் பெற்றோர் பலர் எம்மிடம் வந்து, "பிள்ளையைக் கணிதப் பிரிவில் விடுவதா, கலைப் பிரிவில் விடுவதா?" என்று வினவுவதுண்டு. ஒன்றிற் புகுந்தவன் மற்றதன் வாயிலையும் எட்டிப் பார்க்கலாகாது என்ற எண்ணம் அவ்வினாவிலேயே தொனிக்கின்றது. பொறியியலாளனாக விரும்பும் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு என்று கேட்போர்க்கு நாம் சதீஷ் தவானின் வரலாற்றைக் கூறுவது வழக்கம்.

1920ஆம் ஆண்டிற் பிறந்த தவான், பஞ்சாப் சர்வகலாசாலையிற் கணிதமும் பௌதிகமும் கற்றார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1945இல் இயந்திரப் பொறியியற் பட்டதாரியுமானார். பின்னர் அமெரிக்கா சென்று விமானப் பொறியியல் பயின்று, 1951இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பட்டங்களை எண்ணி வியத்தல் நம்மவர்க்கு இயல்பு. சுவரிலே மாட்டிவைப்பதற்கு அவை அழகானவைதாம். ஆனால், அக்கல்வியெல்லாம் ஒன்றுகூடி எங்ஙனம் வேலை செய்தது என்பதே நாம் கருதத்தக்கது.

விமானம் பறக்குங்கால் காற்று அதன் மேற்பரப்பை உராய்கின்றது. அவ்வுராய்வின் அளவைப் பெரும்பாலும் கணக்கின் வழியாகவோ, வேறு அளவீடுகளிலிருந்து ஊகித்தோ அறிந்துவந்தனர். தவான் தமது கலாநிதிப் பட்ட ஆய்விலே அதனை நேரே அளக்க முனைந்தார். தட்டையான பரப்பில் ஒரு சிறு துண்டை மாத்திரம் தனியே பிரித்து, காற்றின் உராய்வினால் அது மயிரிழையளவு அசையுமாறு அமைத்து, அவ்வசைவை மின்கருவி கொண்டு அளந்தார். கணிதம் மாத்திரம் கற்றவர்க்கு இக்கருவியை அமைப்பது அரிது. கருவி மாத்திரம் செய்யத் தெரிந்தவர்க்கு இதை அளக்கவேண்டும் என்றே தோன்றியிராது.

அதே ஆண்டிற் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராய்ச் சேர்ந்தார். அங்கு அவரிடம் பயின்றவருள் ஒருவர் ரொத்தம் நரசிம்மா. சீராகச் செல்லும் காற்றோட்டம் குழம்பத் தொடங்கும் நிலையைப் பற்றி ஆசானும் மாணவனும் கூடி எழுதிய கட்டுரை 1958இல் வெளிவந்தது. இயந்திரப் பொறியியலிலிருந்து வந்த அந்த மாணவர், பிற்காலத்திற் பருவக்காற்றையும் முகில்களையும் ஆராயப் புகுந்தார்.

1972 முதல் 1984 வரை தவான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராய் இருந்தார். 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள், இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பொறுப்பில் ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுப் பகுதியில் அமிலம் கசிந்திருந்தது. பத்திரிகையாளர் முன் தவானே சென்று தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18ஆம் நாள் வெற்றி கிடைத்தபோதோ, கலாமையே பேச அனுப்பினார். கலாம் இதனைப் பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார்.

இதனைப் பெருந்தன்மை என்று மாத்திரம் பலர் போற்றுவர். எமக்கு வேறொன்றும் தோன்றுகின்றது. கசிவு ஒன்றுதான், ஆயினும் இரசாயனத்தார் வால்வைக் குறை கூறலாம், வால்வு செய்தோர் மின்னியலாரைக் காட்டலாம். தன் துறைக்கு அப்பால் அறியாத தலைவர் குற்றவாளியைத் தேடியே ஓராண்டைக் கழித்திருப்பார். பல துறைகளில் உழன்றவர்க்கோ, பழுது பெரும்பாலும் இரு துறைகள் சந்திக்கும் மூட்டிலேயே கிடக்கும் என்பது தெரியும். அங்கே தனியொருவனைத் தண்டித்து என்ன பயன்?

ஏவுதளம் அமைந்த ஸ்ரீஹரிக்கோட்டாவை அடுத்துப் பழவேற்காட்டு ஏரி உள்ளது. அங்கு வரும் பறவைகளைக் கவனிப்பதில் தவானுக்கு விருப்பம் மிகுதி. 1991இல் அவர் பறவைகளின் பறத்தல் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கணித மாணவனும் விலங்கியல் மாணவியும் ஒரே மேசையிலிருந்து வாசிக்கத்தக்க நூல் அது.