மீன் நிறைய இருக்கு பாஸ்... ஆனா எந்த மீன்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஆத்துல தூண்டில் போடுறவங்களுக்கு வருஷத்துக்கு வருஷம் அதிகமா மீன் மாட்டுது. அப்போ அந்த ஆறு நல்லா இருக்குனுதானே அர்த்தம்? 'ஆமா, இதுல என்ன டவுட்?'னு நீங்க கேட்டா, இந்த வாரம் உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் வாய்த்தகராறு இருக்கு.

ஆறு, நம்ம காவிரி. 'மணலி பக்கத்துல மாத்தூர்ல குடியிருக்கிற உனக்குக் காவிரி எதுக்குடா?'னு கேட்காதீங்க. வீராணம் குழாய் வழியா 2004-லயே காவிரி மெட்ராஸுக்கு வந்தாச்சு. தவிர, இந்தக் கதை கடைசியில எங்க ஏரிக்கரைக்குத்தான் வரப்போகுது.

கதையோட ஹீரோ மஹ்சீர். கெண்டை மீன் குடும்பம்தான். ஆனா குழம்புச் சட்டியில அடங்குற கெண்டை இல்லை. 1946-ல கபினி ஆத்துல வேன் இங்கன்னு ஒருத்தர் தூண்டில்ல பிடிச்ச மஹ்சீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ! எங்க கேங்க்ல ரெண்டு பேர் அந்த வெயிட்டுக்குக் கீழேதான் இருக்கோம். மெட்ராஸ் மாகாணத்துல அதிகாரியா இருந்த எச்.எஸ். தாமஸ், 1873-ல தூண்டில் பத்தியே ஒரு புத்தகம் போட்டார். வெள்ளைக்காரங்க தலையில தூக்கிவெச்சு ஆடுற சால்மனைவிட மஹ்சீர்தான் தூண்டில்காரனுக்குச் சரியான போட்டின்னு அவர் கட்சி கட்டினார். காவிரியில இருந்தது அதுலயும் ஸ்பெஷல் அயிட்டம். முதுகுல திமில், செதில்ல தங்க நிறம், துடுப்புல ஆரஞ்சு. காவிரியையும் அதோட கிளை ஆறுகளையும் விட்டா உலகத்துல வேற எங்கேயும் அது கிடையாது.

அணை, வெடி, மணல் கொள்ளைன்னு ஒவ்வொண்ணா வந்ததுல மீன் குறைய ஆரம்பிச்சது. 1972-ல பெங்களூர்ல தென்னிந்திய வனவிலங்குச் சங்கம்னு ஒண்ணு தொடங்கி, ஆத்தோட ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டாங்க. கூடவே, ஆத்துல மஹ்சீர் குஞ்சு வாங்கி விட்டாங்க. குஞ்சு எங்கேர்ந்து வந்தது? மகாராஷ்டிராவுல லோனாவ்லா. அங்கே டாடா மின் நிறுவனத்தோட பொரிப்பகம் இருந்தது. மஹ்சீரைச் செயற்கையா பொரிக்கவெச்சதுல அவங்க பெரிய கை. ஆனா அங்கே வளர்ந்தது நீலத்துடுப்பு மஹ்சீர். 1839-ல புனே பக்கத்து ஆத்துல பார்த்து சைக்ஸ் பேர்வெச்ச மீன் அது. சொந்த ஊர் கிருஷ்ணா ஆத்துப் பக்கம். 'மஹ்சீர்னா மஹ்சீர்தானே'ன்னு நம்பித்தான் விட்டிருக்காங்க. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதனாலதான் இந்தக் கதை எனக்குப் பிடிச்சிருக்கு. இதுல வில்லனே கிடையாது!

அப்புறம் பீமேஸ்வரி, காலிபோர்னு கர்நாடகக் காட்டுக்குள்ள தூண்டில் முகாம்கள் வந்துச்சு. பரிசல்ல போய், முள்ளுல ராகி உருண்டையைக் குத்திப் போட்டு உட்காரணும். மாட்டினா எடை பார்த்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆத்துலயே விட்டுடணும். சாப்பிடக் கூடாது! வெளிநாட்டுக்காரங்க இதுக்குக் காசு கட்டிக்கிட்டு வந்தாங்க. முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்களுக்கு வழிகாட்டி வேலை கிடைச்சது. முக்கியமான விஷயம், முகாம்ல ஒரு நோட்டு இருந்தது. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, என்ன மாட்டுச்சு, எத்தனை எடைன்னு எல்லாம் அதுல ஏறிடும். நம்ம லேப் அப்சர்வேஷன் நோட்டு மாதிரி. ஆனா கடைசி நாள்ல பக்கத்து பெஞ்சைப் பார்த்து காப்பி அடிச்சது இல்லை.

காலிபோர் முகாம்ல 1998-லேர்ந்து 2012 வரைக்குமான அந்தக் கணக்கை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன்னு ரெண்டு மீன் ஆராய்ச்சியாளர்களும் அவங்க குழுவும் எடுத்து அலசினாங்க. மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹ்சீர். சராசரியா நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. எண்ணிக்கை ஏறிக்கிட்டேதான் போயிருக்கு. ஆஹா, ஆறு பிழைச்சுக்கிச்சுன்னு பார்ட்டி வைக்கலாம்ல?

அவசரப்படாதீங்க. ஏறினதெல்லாம் நீலத்துடுப்பு. திமில் மஹ்சீர் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கிட்டே இருந்தது. அதுலயும் மாட்டினது பெரும்பாலும் பெருசுங்க. குட்டிங்க வர்றது நின்னுபோச்சுன்னு அதுக்கு அர்த்தம்.

நம்ம பாஷையில சொல்றேன். கிளாஸ்ல 60 பேர். செகண்ட் இயர்ல டிப்ளமோ முடிச்ச பத்துப் பேர் வந்து சேர்றாங்க. பாஸ் பர்சன்டேஜ் ஜிவ்வுன்னு ஏறுது. ஹெச்.ஓ.டி. கேக் வெட்டுறார். ஆனா ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து இருந்தவங்க ஒவ்வொருத்தரா டிஸ்கன்டினியூ பண்ணிட்டுப் போறது அந்தப் பர்சன்டேஜ்ல தெரியவே தெரியாது. டிப்ளமோ மக்கள் கோவிச்சுக்காதீங்க, நல்லாப் படிக்கிறதே நீங்கதான். தப்பு சேர்ந்தவங்க மேல இல்லை, கூட்டிப்போட்ட கணக்கு மேல.

இதுல கொடுமை என்னன்னா, அந்தத் திமில் மீனுக்கு 2018 வரைக்கும் உறுதியான அறிவியல் பேரே கிடையாது. அந்த வருஷம்தான் மோயாறுல கிடைச்ச மீன்களை வெச்சு, இதுவும் கேரளாவின் பாம்பாறுல பிடிச்சு முன்னாடியே பேர்வெச்ச 'டார் ரமாதேவி'யும் ஒண்ணுதான்னு முடிவு பண்ணாங்க. மீனியல் ஆய்வாளர் கே. ரமாதேவியைக் கௌரவிக்க வெச்ச பேர். பேர் கிடைச்ச கையோட, அழிவின் விளிம்புல இருக்கிற இனங்களோட உலகப் பட்டியல்லயும் அதைச் சேர்த்தாச்சு. ரேஷன் கார்டு வந்த அன்னிக்கே ஐ.சி.யூ.வுல அட்மிஷன்! ஊர் ஊரா விட்ட நீலத்துடுப்புக்கு அந்தப் பட்டியல்ல 'கவலை இல்லை'ன்னு இடம்.

குஞ்சு விட்டது மட்டும்தான் காரணம்னு ஆராய்ச்சிக்காரங்களே சொல்லல. அணையும் வெடியும் இன்னும் இருக்கு. ஆனா இனிமே என்ன பண்றதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறாங்க. சரணாலயத்துக்குள்ள பிடிச்சு விடுறதும் வேட்டைதான்னு 1972 வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி முகாம்கள்ல தூண்டிலை நிறுத்தியாச்சு. விளையாட்டுக்காக ஒரு மீனோட வாயைக் கிழிக்கணுமான்னு கேட்கிறவங்களுக்கு அது சரி. தூண்டில்காரங்க, 'நாங்க போனதும் வெடிக்காரன் வந்துட்டான், பார்க்கத்தான் ஆள் இல்லை'ங்கிறாங்க. எனக்கு ரெண்டாவது கட்சி மேல சாய்மானம். மீன் மேல இரக்கம் இல்லாம இல்லை. அந்த நோட்டு இல்லேன்னா திமில் மீன் தொலைஞ்சது யாருக்குமே தெரிஞ்சிருக்காதே! ஆனா அவங்களே 'கொஞ்சம் குஞ்சு விட்டா எல்லாம் சரியாயிடும்'னு ஆரம்பிச்சா, நான் எந்திரிச்சுடுவேன்.

இது நம்ம ஊர்க் கூத்து மட்டும் இல்லை. கனடா - அமெரிக்கா எல்லையில ஒண்டாரியோ ஏரின்னு ஒரு கடல் சைஸ் ஏரி. அங்கே அட்லாண்டிக் சால்மன் சொந்தக்காரன். ஓடைகளை மில்லுக்காக மறிச்சு, காட்டை வெட்டி, வாரிப் பிடிச்சு, 19-ம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள அதைக் காலி பண்ணிட்டாங்க. 1960-கள் கடைசியில பசிபிக் கடலோர சால்மனைக் கொண்டுவந்து விட்டாங்க. ஏரியில ஏல்வைஃப்னு ஒரு பொடி மீன் எக்கச்சக்கமா பெருகியிருந்தது. அதைத் தின்னு புது சால்மன் கொழுத்தது, தூண்டில் வியாபாரமும் கொழிச்சது. 2006-லேர்ந்து கனடா பக்கம் பழைய சொந்தக்காரனைத் திரும்பக் கொண்டுவரப் பெரிய திட்டம் போட்டாங்க. இப்போ பிரச்னை என்னன்னா, ஏல்வைஃபைத் தின்னு வளர்ந்த அட்லாண்டிக் சால்மன் போடுற முட்டையில வைட்டமின் பி-1 குறைஞ்சு, குஞ்சுங்க செத்துடுது. பசிபிக் சால்மனைக் குறைக்கலாமான்னு கேட்டா தூண்டில்காரங்க சண்டைக்கு வருவாங்க. விருந்தாளி வீட்டுக்காரர் ஆகி, வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நிக்கிற கதை.

ஊட்டியில மட்டும் என்னவாம்? சால்மனோட சொந்தக்கார மீன் ட்ரவுட். நூறு வருஷத்துக்கு முன்னாடி வில்சன்கிற வெள்ளைக்காரர் அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்சு, அதை நீலகிரி ஓடைங்கள்ல விட்டார். துரைமார் பொழுதுபோக்குக்காக!

சரி, இப்போ எங்க பக்கத்துக்கு வர்றேன். மாத்தூர், மாதவரம், ரெட்டேரின்னு எந்தக் கரையில தூண்டில் போட்டாலும் 'மீன் இருக்கா தம்பி?'ன்னு கேட்டா, 'இருக்குண்ணா, நெறைய'ன்னுதான் பதில் வரும். வாளியை எட்டிப் பாருங்க. ஜிலேபி. 1952-ல இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் அது. நம்ம ஆளுன்னே நினைச்சுட்டோம். கொஞ்சம் மீசையோட நெளிஞ்சா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா இருக்கும். 2000-லயே மத்திய அரசு வளர்க்கத் தடை போட்ட மீன். கொளத்தூர் கலர் மீன் கடைங்க நமக்குப் பக்கம். தொட்டியைக் கழுவும்னு வாங்கின சக்கர் மீன் ஒரு அடிக்கு வளர்ந்ததும், 'பாவம், பொழைச்சுப் போகட்டும்'னு ஏரியில விடுற புண்ணியவான்களும் நமக்குப் பக்கம். அந்த வாளியில விரால், குரவை, நாட்டுக் கெளுத்தி எத்தனை? என்னோட பெரியப்பா அந்தக் காலத்துக் கதை சொல்லும்போது இந்த மூணு பேரும்தான் வருது. ஜிலேபி வரவே வராது.

ஏரியைத் தூர்வாரினா அடுத்து ஒரு விழா, மேடை, பிளாஸ்டிக் கவர்ல மீன்குஞ்சு, போட்டோ. அந்தக் கவரைப் பிடிக்கிற என்.எஸ்.எஸ். வாலன்டியர் அநேகமா நீங்களாவோ நானாவோதான் இருப்போம். பிடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்வி கேளுங்க பாஸ். இது என்ன மீன்? இந்த ஏரியில ஏற்கெனவே என்ன இருக்குனு யாராவது பார்த்தீங்களா? பதில் தெரியலைன்னா, மாதவரத்துலயே மீன்வளப் பல்கலைக்கழகத்தோட வளாகம் இருக்கு. பஸ் பிடிச்சுப் போய்க் கேட்டுட்டு வரலாம்.

தூண்டில் பார்ட்டிங்களுக்குத் தனியா ஒரு வேலை. அரியர் பேப்பர் நோட்டுல பின்னாடி பக்கம் எப்படியும் காலியாத்தான் இருக்கும். இந்த மழைக்காலம் முடியுற வரைக்கும் தேதி, ஏரி, எத்தனை மணி நேரம், என்ன மீன், எத்தனைன்னு எழுதிவெச்சு எனக்கு அனுப்புங்க. ஜிலேபிக்கு ஒரு காலம், விராலுக்கு ஒரு காலம், தனித்தனியா. கூட்டி மட்டும் போட்டுடாதீங்க.