அன்றாடத்தை எழுதி வையுங்கள்

1975இல் வி.பி. கணேசனின் ‘புதிய காற்று’ திரைக்கு வந்தது. தோட்டத் தொழிலாளர் வாழ்வைக் கதையாக எடுத்துக்கொண்ட படம். ‘நான் உங்கள் தோழன்’, ‘நாடு போற்ற வாழ்க’ என்று பின்னாலும் படங்கள் வந்தன. அவற்றைப் பற்றி இன்று நமக்கு ஏதாவது தெரிகிறதென்றால், தம்பிஐயா தேவதாஸ் ‘இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை’யைப் பொறுப்போடு எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் நமக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருக்கிறது. லயத்திலிருந்து இறங்கி டவுனுக்குப் படம் பார்க்க வந்த சனம் எந்த இடத்தில் கைதட்டியது? திரையில் கொழுந்துக் கூடையைக் கண்டபோது பெண்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அதை அன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைத்தவர் யாரும் நம் கண்ணில் படவில்லை.

மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளையின் பெருமையை இந்த இடத்தில்தான் உணர்கிறோம். வேலைக்களத்திலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் சனங்கள் பாடியதை, இலக்கியம் என்று பலர் மதிக்காத காலத்திலேயே அவர் எழுதி வைத்தார். அன்றைய வெகுசனக் கலை அதுதான்.

இன்றைய வெகுசனக் கலை கையடக்கத் தொலைபேசியில் இருக்கிறது. நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில் கால்மணி நேரம் நின்றால் போதும். ஹற்றன் பஸ்ஸில் ஒரு பழைய இளையராஜா பாட்டு, அடுத்த பஸ்ஸில் சிங்களப் பைலா, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் டிக்டொக். தேயிலை மலையைப் பின்னணியாக வைத்துத் தோட்டத்து இளைஞர்கள் வீடியோ எடுக்கிறார்கள். எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள், எந்த நடிகரின் வசனத்தைத் தங்கள் பேச்சுவழக்கில் மாற்றிச் சொல்கிறார்கள், டேட்டா தீரும்போது யாரிடம் ஹொட்ஸ்பொட் கேட்கிறார்கள் என்பதெல்லாம் மலையக வரலாறு. இவற்றைச் சில்லறை விஷயம் என்று ஒதுக்குகிற விமர்சகர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

எழுதுகிறவர்கள் இல்லாமலில்லை. பார்த்த படம், கேட்ட பாட்டு, இணையத்தில் அன்று நடந்த சண்டை என்று நாலு வரி எழுதுகிற பிள்ளைகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். எழுதுவது பேஸ்புக்கில். அதுதான் நம் கவலை. 2018 மார்ச்சில் திகன வன்முறையை அடுத்து அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கியபோது, கண்டி மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாங்கள் எழுதியதையே திறக்க வழியில்லாமல் போனது. அரசாங்கம் மூடாவிட்டாலும் கம்பனி மூடும். ஜியோசிட்டீஸ் 2009இல் போனது. கூகுள் பிளஸ் 2019இல் போனது. நீண்ட குறிப்புகளுக்கென்று பேஸ்புக் வைத்திருந்த பகுதியும் 2020இல் நிறுத்தப்பட்டது.

ஆகவே சொந்தமாக ஒரு வலைத்தளம் வேண்டும் என்கிறோம். வருடக் கட்டணம் கட்டினால் பெயர் நம்முடையது. ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் கிடைக்கிறது. அதில் ஒரு நாளைக்கு ஒரு பத்தி எழுதினாலும் போதும். திகதி போடுங்கள், இடம் போடுங்கள், பாட்டின் பெயரோடு அது எங்கே ஒலித்தது என்றும் எழுதுங்கள். படம் பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். டிக்கெட் விலையை மறக்க வேண்டாம்.

யுனிகோட்டில் எழுதுங்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்நாட்டில் பாமினி எழுத்துருவில் தட்டச்சாகிக் குவிந்த பக்கங்கள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் வந்து நிற்கும். சுரதா உருவாக்கிய ‘பொங்குதமிழ்’ போன்ற மாற்றிகளால் அவற்றை மீட்கலாம். ஆனால் மீட்க ஆள் வர வேண்டும், வருகிறவருக்கு அது தமிழ் என்று தெரிய வேண்டும்.

சொந்தத் தளமும் நிரந்தரமல்ல. கட்டணம் தவறினால் அதுவும் மறையும். எழுதியதை ஒரு பிரதி வீட்டில் வையுங்கள். பக்கத்தை வேபேக் மெஷினில் சேமியுங்கள். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டம் இருக்கிறது. ‘மல்லிகை’யின் பழைய இதழ்களை நாம் இன்று வாசிப்பது அதன் தயவில். வருட முடிவில் உங்கள் குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அடுத்த இதழிலிருந்து இத்தகைய குறிப்புகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். தோட்டத்திலிருந்து எழுதுகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, முதலிடம் தருவோம். கையால் எழுதிய தாளாக இருந்தாலும் அனுப்புங்கள். யுனிகோட்டில் ஏற்றித் தரும் வேலை எங்களுடையது.